விரிசல் எப்போது விழுந்தது? ஃபோர்ஜிங் ஆலையில் உலோகவியலாளரின் வேலை

ஃபோர்ஜிங் ஆலையில் உலோகவியலாளரைத் தேடி வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், பீஸ்ல கிராக் வந்திருக்கு. யார் தப்பு?" உற்பத்திப் பிரிவு ஸ்டீல் கம்பெனியைக் கைகாட்டும். ஸ்டீல் கம்பெனி டெஸ்ட் சர்டிபிகேட்டை நீட்டும். ஹீட் ட்ரீட்மென்ட்காரர் ஹாமரைச் சொல்வார், ஹாமர்காரர் ஹீட் ட்ரீட்மென்ட்டைச் சொல்வார். இந்தச் சண்டைக்கு நடுவில் நின்று, 'யார்' என்பதை விட்டுவிட்டு 'எப்போது' என்று கேட்பதுதான் உங்கள் தொழில். பில்லெட் ஆலைக்குள் வரும்போதே விரிசல் இருந்ததா? உலையில் விழுந்ததா, டைக்குள் விழுந்ததா, எண்ணெய்த் தொட்டியிலா, அல்லது நம் கையைவிட்டுப் போன பிறகு வாடிக்கையாளரின் கிரைண்டிங் இயந்திரத்திலா? காலம் தெரிந்துவிட்டால் ஆள் தானாகவே தெரிந்துவிடுவார்.

எஃகைச் சூடாக்கி, மூடிய டைக்குள் வைத்து ஹாமராலோ பிரஸ்ஸாலோ அடித்து வடிவாக்கும் ஆலைகளைப் பற்றியது இந்த அத்தியாயம். கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு, முன் ஆக்ஸில் பீம், ஸ்டீயரிங் நக்கிள், கியர் பிளாங்க் எல்லாம் இப்படிப் பிறப்பவை. இந்தியாவில் புணே, லூதியானா, ஜம்ஷெட்பூர், சென்னைச் சுற்றுவட்டாரம் ஆகியவை இத்தொழிலின் முக்கிய மையங்கள். சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரியிலும் புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலையிலும்கூட லாரி பாகங்கள் அடிக்கிறார்கள். ஊர் எதுவானாலும் உலோகவியலாளரின் அன்றாடம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆய்வகத்தில் இரண்டு மணி நேரம், தளத்தில் ஆறு மணி நேரம். இந்தக் கணக்கைத் தலைகீழாக்கி மைக்ரோஸ்கோப்பே கதி என்று இருப்பவருக்குக் காரணங்கள் பிடிபடுவதில்லை, பெயர்கள்தான் தெரியும்.

கேட்டில் தொடங்கும் வேலை

லாரியில் வந்து இறங்கும் கம்பிகளுடன் ஒரு டெஸ்ட் சர்டிபிகேட் வரும். அதை வாங்கி ஃபைலில் செருகுவது ஸ்டோர் கிளார்க்கின் வேலை. வாசிப்பது உங்களுடையது. கார்பன், மாங்கனீஸ், குரோமியம் சரியான வரம்பில் இருக்கின்றனவா என்று எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பார்வையைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோக வேண்டும்: செம்பு, வெள்ளீயம், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன், அலுமினியம்.

செம்பை ஏன் பார்க்க வேண்டும்? பழைய இரும்பை உருக்கி, மின்வில் உலையில் எடுக்கும் எஃகில் மோட்டார் சுருள், ஒயர் துண்டு வழியாகச் செம்பு சேர்ந்துவிடும். உருக்கும்போது அதை வெளியேற்ற வழியில்லை. நம் உலையில் பில்லெட்டின் மேற்பரப்பு ஆக்ஸிஜனேற்றம் அடையும்போது இரும்பு ஸ்கேலாகப் போய்விடும், செம்பு போகாது. ஸ்கேலுக்குக் கீழே அது அடர்ந்துகொண்டே வரும். செம்பின் உருகுநிலை 1085 டிகிரி செல்சியஸ், நாம் சூடாக்குவதோ 1200 டிகிரி வரை. உருகிய செம்பு துகள் எல்லைகளுக்குள் ஊடுருவும். ஹாமர் அடி விழுந்ததும் தோல் முழுக்கப் பாளம் பாளமாக வெடிக்கும். செம்பு 0.25 சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கையாக இருங்கள். வெள்ளீயமும் கூடவே இருந்தால் நிலைமை மோசமாகும், நிக்கல் இருந்தால் ஓரளவு தணியும்.

ஹைட்ரஜன் பெரிய விட்டமுள்ள கம்பிகளில் பிரச்சினை. 2 பி.பி.எம்.முக்குக் கீழே இருக்க வேண்டும் என்று வாங்கும் ஆணையிலேயே எழுதிவிடுங்கள். வெற்றிட வாயுநீக்கம் செய்த எஃகுதானா என்றும் கேளுங்கள். ஹைட்ரஜனால் வரும் மயிரிழை விரிசல் தடித்த பாகத்தின் நடுவில் ஒளிந்திருக்கும். ஃபோர்ஜிங் முடிந்து ஆறிய பிறகு, சில நேரம் நாட்கள் கழித்துத்தான் அது தலைகாட்டும். அன்றைக்குச் சோதித்துத் தேறிய பீஸ் அடுத்த வாரம் தேறாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

சர்டிபிகேட்டை நம்பிவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது. ஒவ்வொரு ஹீட்டிலிருந்தும், அதாவது ஒரே உருக்கில் வந்த கம்பிகளிலிருந்தும், ஒரு துண்டை வெட்டி, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தண்ணீரும் சம அளவு கலந்து, 70 முதல் 80 டிகிரியில் அரைமணி நேரத்துக்குள் எட்ச் செய்து பாருங்கள். நடுவில் குழாய்போன்ற வெற்றிடம், பிரிந்த கலவை, நுண்துளைகள் எல்லாம் வெறும் கண்ணுக்கே தெரியும். கடினமாக்க வேண்டிய ரகமானால் ஜாமினி சோதனை: 25 மில்லிமீட்டர் விட்டமும் 100 மில்லிமீட்டர் நீளமும் உள்ள தண்டைச் சூடாக்கி, ஒரு முனையில் மட்டும் தண்ணீர் பீய்ச்சி, நீளவாக்கில் கடினத்தை அளப்பது. ஒரே ரகத்தின் இரண்டு ஹீட்கள் எண்ணெயில் எவ்வளவு வித்தியாசமாக நடந்துகொள்ளும் என்பதை இது முன்கூட்டியே சொல்லிவிடும்.

இதையெல்லாம்விட எனக்கு அதிகப் பயம் கலப்படத்தில்தான். வேண்டுமென்றே செய்யும் கலப்படத்தைச் சொல்லவில்லை, கை தவறி நடப்பதைச் சொல்கிறேன். இ.என். 8 கம்பியும் இ.என். 19 கம்பியும் யார்டில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் கடவுளுக்கும் வித்தியாசம் தெரியாது. முனையில் அடித்த பெயின்ட் ஒன்றுதான் அடையாளம். கம்பியை பாண்ட் சா பாதி வெட்டி, மீதியை யார்டுக்குத் திருப்பி அனுப்பும்போது பெயின்ட் அடித்த முனை வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அந்த அரைக்கம்பிதான் ஆறு மாதம் கழித்து உங்களைத் தூங்கவிடாமல் அடிக்கப் போகிறது. மீதிக் கம்பிக்கு அங்கேயே, வெட்டும் இடத்திலேயே பெயின்ட் அடிக்க வேண்டும் என்ற விதியை முதல் மாதத்திலேயே கொண்டுவாருங்கள். தீப்பொறிச் சோதனையை ஒதுக்காதீர்கள். கிரைண்டரில் வைத்தால் கார்பன் கூடக்கூடப் பொறி கிளைத்து வெடிக்கும், மாலிப்டினம் இருந்தால் பொறியின் நுனியில் ஈட்டிமுனை தனியாகப் பிரிந்து நிற்கும். அனுபவமுள்ள ஒருவர் ஒரு கம்பியை ஐந்து விநாடியில் பிரித்துச் சொல்லிவிடுவார். ஸ்பெக்ட்ரோமீட்டர் துல்லியமானது, ஆனால் நூறு கம்பிக்கு நூறு முறை அதை ஓட்ட யாருக்கும் நேரம் இருக்காது.

ஹீட் கோடை ஒவ்வொரு பீஸிலும் டையிலேயே பதிப்பது எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் யுனைடெட் ஏர்லைன்ஸ் 232 விமானத்தின் வால் எஞ்சினில் விசிறித்தட்டு உடைந்து சிதறியது. 296 பேர் இருந்த விமானத்தில் 112 பேர் இறந்தார்கள். ஃபோர்ஜிங் செய்யப்பட்ட டைட்டானியத் தட்டு அது. 1971-ல் உலோகத்தை உருக்கியபோது நைட்ரஜன் செறிந்த ஒரு சிறு கடினப் புள்ளி உள்ளே தங்கிவிட்டது. அதிலிருந்து சோர்வு விரிசல் மெல்ல வளர்ந்தது. விசாரித்தவர்கள் அந்தத் தட்டு எந்த உருக்கிலிருந்து வந்தது, அதே உருக்கின் உடன்பிறப்புகள் இப்போது எந்த விமானங்களில் பறக்கின்றன என்று தேடியபோது, பழைய பதிவேடுகளில் அதே வரிசை எண்ணில் இரண்டு தட்டுகள் இருந்த குழப்பத்தை அவிழ்க்க வேண்டியிருந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஆவணம் அது. ஹீட் கோடு மங்கலாக விழுந்த பீஸை ஏன் ஒதுக்குகிறோம் என்று ஹாமர்காரர் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

உலையில் நடப்பவை

பெரும்பாலான ஆலைகளில் இப்போது இண்டக்‌ஷன் ஹீட்டர்தான். நடுத்தரக் கார்பன் எஃகை 1200 டிகிரி சுற்றி அடிக்கிறோம். 1250-ஐத் தாண்டவிடுவதில்லை. கார்பன் கூடினால் உருகத் தொடங்கும் வெப்பநிலை இறங்கும் என்பதால் பேரிங் எஃகுக்கு இன்னும் குறைவான உச்சவரம்பு வைக்க வேண்டும். ஹீட்டரின் வாயில் பைரோமீட்டர், அதற்கடுத்து மூன்று வழிச் சரிவு: சரியான பில்லெட் ஹாமருக்கு, சூடு குறைந்தது ஒரு தொட்டிக்கு, சூடு மிஞ்சியது இன்னொரு தொட்டிக்கு.

காகிதத்தில் இது அழகான ஏற்பாடு. இரவு ஷிப்ட்டில் போய்ப் பாருங்கள். ஒற்றை அலைநீளப் பைரோமீட்டர் பில்லெட்டின் மேல் உப்பி நிற்கும் ஸ்கேலைப் பார்த்து 1150 என்று காட்டும், உள்ளே உலோகம் 1220-ல் இருக்கும். ஆபரேட்டர் என்ன செய்வார்? "காட்டுறது கம்மியா இருக்குண்ணே" என்று பவரைக் கூட்டுவார். அவர் மேல் குற்றமில்லை, கருவி சொன்னதைக் கேட்டார். இரட்டை அலைநீளப் பைரோமீட்டர் இந்தத் தொல்லையைக் குறைக்கும். கண்ணாடியைத் துடைப்பதும், வாரம் ஒருமுறையாவது வேறொரு கருவியால் சரிபார்ப்பதும் அதைவிட முக்கியம்.

ஹாமர் நின்றுபோகும் நேரம் இன்னொரு கண்ணி. டை சரிசெய்ய இருபது நிமிடம் ஹாமர் நின்றால் காயிலுக்குள் இருக்கும் பில்லெட்கள் கதி என்ன? சிலர் பவரைக் குறைத்து அப்படியே வைத்திருப்பார்கள். மறுபடி ஓட்டும்போது காயிலில் இருந்தவை சூடு மிஞ்சியோ சூடு சீரில்லாமலோ வெளியே வரும். அந்தப் பில்லெட்கள் எல்லாம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும். ஒதுக்கிய பில்லெட்டை எத்தனை முறை மறுபடி சூடாக்கலாம் என்பதும் எழுதியிருக்க வேண்டும். எண்ணிக்கை இல்லையென்றால் அந்தத் தொட்டி ஷிப்ட் முடிவில் எப்போதும் காலியாகவே இருக்கும்.

மிகைச்சூட்டுக்கும் எரிந்துபோவதற்கும் உள்ள வேறுபாட்டை மனதில் பதியுங்கள். மிகைச்சூட்டில் மாங்கனீஸ் சல்ஃபைடு கரைந்து, ஆறும்போது பழைய துகள் எல்லைகளில் மீண்டும் படியும். உடைத்துப் பார்த்தால் மங்கலான முகங்கள் தெரியும். தகுந்த ஹீட் ட்ரீட்மென்ட்டில் சில நேரம் மீட்கலாம். எரிந்த எஃகில் துகள் எல்லையே உருகி ஆக்ஸைடு புகுந்திருக்கும், அது ஸ்கிராப்தான். கந்தகம் மிகக் குறைந்த சுத்தமான எஃகு என்றால் இந்தக் கவலை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மை எதிர்ப்புறம் இருக்கிறது: கந்தகம் குறைந்தால் சல்ஃபைடு இன்னும் குறைந்த வெப்பநிலையிலேயே கரைந்துவிடும்.

அடியும் ஆறுதலும்

டையின் கதை டை ஷாப்பின் ராஜ்ஜியம். நீங்கள் அங்கே அதிகம் வாய் கொடுக்க வேண்டாம். ஆனால் இரண்டு விஷயங்களில் உங்கள் குரல் வேண்டும். முதலாவது, இழையோட்டம். மூங்கிலில் நார் ஓடுவதுபோல, உருட்டிய கம்பியில் சேர்மங்களும் கலவைப் பட்டைகளும் நீளவாக்கில் ஓடுகின்றன. நல்ல டை அந்த இழையை வளைவோடு வளைத்துக் கொண்டுபோகும். கெட்ட டை அதை மடித்துவிடும், அல்லது டையின் இரு பாதிகளும் சேரும் ஃபிளாஷ் கோட்டில் அறுத்து வெளியே தள்ளும். புதிய டையின் முதல் பீஸை நீளவாக்கில் வெட்டி எட்ச் செய்து, படம் எடுத்து, டை எண்ணோடு சேர்த்து வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து வரும் ஒரு புகாருக்கு அந்தப் படமே பதில். இரண்டாவது, கடைசி அடியின் வெப்பநிலை. ஆபரேட்டர் ஒரு பீஸை டையில் வைத்துவிட்டு ஸ்கேல் ஊதிக்கொண்டிருந்தால் அது ஆறிக்கொண்டே வரும். டை நிரம்பவில்லை என்று கூட ஒரு அடி போடுவார். அந்தக் குளிர்ந்த அடியில்தான் மடிப்புகள் உள்ளே போய் ஒளிகின்றன.

அடித்த பிறகு பீஸ் எப்படி ஆறுகிறது என்பதைப் பலர் கண்டுகொள்வதில்லை. வனேடியம் சேர்த்த நுண்கலவை எஃகு, உதாரணமாக 38 எம்.என்.வி.எஸ். 6, ஃபோர்ஜிங் சூட்டிலிருந்தே கட்டுப்பாடாக ஆறி வலிமை பெறுகிறது. தனியே குவென்ச்சும் டெம்பரும் கிடையாது. அப்படியிருக்கையில் பீஸ்களைத் தொட்டியில் குவியலாகக் கொட்டினால், நடுவில் கிடப்பது மெல்ல ஆறும், ஓரத்தில் கிடப்பது சீக்கிரம் ஆறும். ஒரே தொட்டியில் இரண்டு விதமான கடினம் வரும். கன்வேயரில் ஒவ்வொன்றாக விட வேண்டும் என்பது இதனால்தான். மாறாக, இ.என். 24 போன்ற எஃகு காற்றிலேயே கடினமாகிவிடும். அதைத் தளத்தில் வீசாமல் மெல்ல ஆறவிட வேண்டும். மழைக்காலத்தில் கூரை ஒழுகி, சூடான இ.என். 24 பீஸ்மேல் தண்ணீர் சொட்டுகிற இடம் எது என்று பார்த்து வையுங்கள். வடகிழக்குப் பருவமழையும் ஒரு செயல்முறை மாறிதான், எந்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும் அதை யாரும் எழுதுவதில்லை.

எண்ணெய்த் தொட்டி

ஹீட் ட்ரீட்மென்ட்டைப் பற்றித் தனி நூல்களே உண்டு, இங்கே தளத்தில் வழுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். இ.என். 19-ஐ 850 முதல் 880 டிகிரியில் ஊறவைத்து எண்ணெயில் அமிழ்த்துகிறோம். உலைக் கதவு திறந்தது முதல் பீஸ் எண்ணெயைத் தொடும் வரை எத்தனை விநாடி என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். எண்ணெய் 50 முதல் 70 டிகிரிக்குள் இருக்கிறதா, கலக்கி சுற்றுகிறதா, குளிர்விப்பான் கசிந்து எண்ணெயில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா? கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தாலும் விரிசலுக்கும் தீ விபத்துக்கும் வழி. அமிழ்த்திய பீஸ் முழுக்க ஆறுமுன், கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே டெம்பரிங் உலைக்குள் போய்விட வேண்டும். ஷிப்ட் மாறும் நேரத்தில் எடுத்த லோடு டெம்பரிங்குக்குக் காத்துக்கிடப்பது குவென்ச் விரிசலின் பழைய காரணங்களில் ஒன்று. தணிக்கைக்கு வருபவர் பார்க்காத இடம் அது, நீங்கள் பாருங்கள்.

வாகனத் துறைக்குச் செய்தால் சி.கியூ.ஐ. 9 என்ற அமெரிக்க வாகனத் தொழில் குழுவின் ஹீட் ட்ரீட்மென்ட் மதிப்பீட்டை உங்களிடம் கேட்பார்கள். உலையின் ஒன்பது இடங்களில் தெர்மோகப்பிள் கட்டி வெப்பச் சீர்மையை அளப்பது, கருவிகளின் துல்லியத்தைச் சரிபார்ப்பது எல்லாம் அதில் வரும். அதைத் தணிக்கைச் சடங்காகச் செய்பவர்கள் உண்டு. முழு லோடோடு ஒருமுறை அளந்து பாருங்கள். உலையின் எந்த மூலை எப்போதும் குளிர்ந்தே இருக்கிறது என்று தெரிந்தால், கடினம் குறைந்து வரும் பீஸ்கள் எங்கிருந்து வருகின்றன என்பதும் தெரிந்துவிடும்.

கடினம் அளப்பதிலும் ஒரு சூது உண்டு. ஃபோர்ஜிங்கின் தோலில் கார்பன் இழந்த அடுக்கு இருக்கும். அதன்மேல் பிரினெல் குண்டை வைத்தால் குறைந்த எண் வரும். அரை மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அரைத்து எடுத்துவிட்டு அளக்க வேண்டும். அளக்கும் இடத்தை வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். இல்லையென்றால் வாடிக்கையாளர் ஓரிடத்தில் அளப்பார், நாம் வேறிடத்தில் அளப்போம், கடிதப் போக்குவரத்து ஒரு மாதம் நடக்கும்.

வெட்டிப் பார்த்தல்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். காந்தத் துகள் சோதனையில் (எம்.பி.ஐ.) ஒரு ஸ்டீயரிங் நக்கிளின் கழுத்தில் பச்சைக் கோடு ஒளிர்கிறது. அதைக் கிரைண்டர் போட்டுத் தேய்த்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முதலில் படம் எடுங்கள். கோட்டின் நீளம், திசை, ஃபிளாஷ் கோட்டிலிருந்து தூரம், ஹீட் கோடு, டை எண், ஹீட் ட்ரீட்மென்ட் லாட், எத்தனை பீஸில் இதே இடத்தில் வருகிறது ஆகியவற்றைக் குறியுங்கள். எல்லாப் பீஸிலும் ஒரே இடத்தில் வந்தால் டையைச் சந்தேகியுங்கள். ஒரே ஹீட்டில் இடம் மாறி மாறி நீளவாக்கில் வந்தால் கம்பியைச் சந்தேகியுங்கள். ஒரே லோடில் மட்டும் வந்தால் எண்ணெய்த் தொட்டிக்குப் போங்கள். வெட்டும் முன்பே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

பிறகு விரிசலுக்குக் குறுக்காக, தண்ணீர் ஊற்றிக்கொண்டே, சூடேறாமல் வெட்டுங்கள். மவுண்ட் செய்து மெருகேற்றி, எட்ச் செய்வதற்கு முன் ஒருமுறை பாருங்கள். விரிசலுக்குள் சாம்பல் நிற ஆக்ஸைடு அடைந்திருக்கிறதா? அடுத்து 2 முதல் 4 சதவீத நைட்டாலால் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) எட்ச் செய்யுங்கள். இப்போது விரிசலின் இரு கரைகளையும் பாருங்கள். கரையோரம் வெள்ளையாக ஃபெரைட் பட்டை படர்ந்திருந்தால் அங்கே கார்பன் போயிருக்கிறது. கார்பன் போக வேண்டுமானால் விரிசல் திறந்த நிலையில் உயர் சூட்டில் காற்றைப் பார்த்திருக்க வேண்டும். அதாவது, உலைக்குப் போகும் முன்போ ஃபோர்ஜிங்கின்போதோ விரிசல் விழுந்திருக்கிறது. கரையில் கார்பன் இழப்பே இல்லாமல், விரிசல் கூர்மையாக, பழைய துகள் எல்லைகளைப் பற்றிக்கொண்டு ஓடினால் அது குவென்ச்சில் வந்தது. அதன்பின் 600 டிகிரியில் டெம்பர் செய்திருந்தால் உள்ளே மெல்லிய ஆக்ஸைடு இருக்கும். அந்தச் சூட்டில் வெள்ளைப் பட்டை உருவாகாது. ஆக்ஸைடை மட்டும் பார்த்துவிட்டு ஃபோர்ஜிங் விரிசல் என்று எழுதிவிடுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

கார்பன் இழந்த விரிசலிலும் பிரிவுகள் உண்டு. மடிப்பு என்றால் மேற்பரப்புக்குச் சாய்வாக நுழைந்து, இழையோட்டம் அதன் இரு பக்கமும் வளைந்து மடிந்திருக்கும். நுனி மழுங்கி, உள்ளே ஸ்கேல் சிக்கியிருக்கும். கம்பியிலேயே இருந்த கீறல் என்றால் இழையோட்டத்தோடு இணையாக ஓடும், இரு கரையிலும் கார்பன் இழப்பு ஏறக்குறையச் சமமாக இருக்கும். செம்பால் வந்தது என்றால் ஆழம் குறைவாக, வலைபோல, துகள் எல்லையில் செம்பு நிறத்துளிகளோடு இருக்கும். எட்ச் செய்யாமலே அந்த நிறம் தெரியும். கிரைண்டிங்கில் வந்தது என்றால் கல் ஓடிய திசைக்குக் குறுக்காக, நெருக்கமான மெல்லிய கோடுகள். அது நம் கணக்கில் சேராது.

எல்லாம் சுலபமாகச் சொல்லிவிட்டேன். சிக்கல் ஒன்று உண்டு. கடினம் தேறாத லோடை மறுபடி கடினமாக்குவது எல்லா ஆலையிலும் நடக்கும். முதல் குவென்ச்சில் விழுந்த விரிசல், இரண்டாம் முறை 870 டிகிரியில் ஊறும்போது கரையில் கார்பனை இழந்துவிடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஃபோர்ஜிங் விரிசல்போலவே இருக்கும். அப்போது காப்பாற்றுவது ரீவொர்க் பதிவேடு மட்டும்தான். பதிவேட்டில் அந்த லோடு இல்லையென்றால், உலை மீட்டரின் பழைய வரைபடத்தை எடுத்து, அன்றைக்கு உலைக்குள் எத்தனை லோடு போனது என்று எண்ணிப் பாருங்கள். லோடு எண்ணிக்கையைவிடப் பதிவில் ஒன்று குறைந்தால், கேட்க வேண்டிய ஆள் ஹாமர் பக்கம் இல்லை.

அமிலங்களைப் பற்றி ஒரு வரி. பழைய துகள் எல்லையைக் காட்டப் பிக்ரிக் அமிலம் வைத்திருப்பீர்கள். காய்ந்த பிக்ரிக் அமிலம் வெடிக்கும். பாட்டிலில் எப்போதும் ஈரம் இருக்க வேண்டும், மூடியைச் சுற்றி உலர்ந்த தூள் படிய விடக் கூடாது. நைட்டாலைத் தேவைக்கு மட்டும் கலக்குங்கள், இறுக மூடிப் பல நாள் வைக்காதீர்கள்.

ஹோல்டு

ஆய்வு எவ்வளவு சரியாக இருந்தாலும், கடைசியில் அது ஒரு சிவப்புச் சீட்டாக மாற வேண்டும். மாதக் கடைசி, வண்டி கேட்டில் நிற்கிறது, நீங்கள் லாட்டை ஹோல்டு போட்டிருக்கிறீர்கள். உற்பத்தி மேலாளர் வருவார். "ஒரு பீஸ்ல தானே கிராக்? மத்ததை எம்.பி.ஐ. பண்ணி அனுப்பிடலாமே." இந்த இடத்தில் இரண்டு பக்கமும் தவறு செய்யலாம். எல்லாவற்றையும் நிறுத்தும் உலோகவியலாளரை இரண்டு மாதத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுபவரை வாடிக்கையாளர் மதிக்க மாட்டார். என் வழக்கம் இது: விரிசல் எப்போது விழுந்தது என்று தெரியும்வரை எதையும் அனுப்புவதில்லை. தெரிந்ததும் வரம்பு தானாகச் சுருங்கும். டை தேய்மானத்தால் வந்த மடிப்பு என்றால், டை மாற்றியதற்கு முந்தைய எண்ணிக்கை மட்டும் ஹோல்டில் இருந்தால் போதும். உள்ளே இருக்கும் குறை என்றால் காந்தத் துகள் சோதனை அதைக் காட்டாது, அல்ட்ராசானிக் வேண்டும். எந்தச் சோதனை எதைக் காட்டாது என்று மேலாளருக்கு எழுத்தில் சொல்லுங்கள். வாய்வார்த்தை ஷிப்ட்டோடு முடிந்துவிடும்.

ஹாமர்மேன்களோடு உறவு இன்னொரு விதமானது. டெஸ்க்கில் இருந்து போன் போட்டு "அண்ணே, டெம்பரேச்சர் பார்த்துக்கோங்க" என்றால் அவர் பார்க்க மாட்டார். வெட்டி எட்ச் செய்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய், மடிந்த இழையைக் காட்டுங்கள். இருபது ஆண்டு ஹாமர் அடித்தவருக்குத் தன் அடி உள்ளே என்ன செய்கிறது என்பதை யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். அதன்பிறகு அவரே உங்களைத் தேடி வந்து, "இன்னைக்கு டை சூடு சரியில்ல சார், பாருங்க" என்பார். பைரோமீட்டர் வாங்கும் பட்ஜெட்டைவிட இது மலிவு.

வேலைக்குச் சேரும் முன்

தமிழ்நாட்டில் திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, சேலம் அரசு பொறியியல் கல்லூரி ஆகியவற்றில் உலோகவியல் பட்டம் உண்டு. வார்ப்புக்கும் ஃபோர்ஜிங்குக்குமென்றே 1966-ல் ராஞ்சியில் தொடங்கப்பட்ட தேசிய நிறுவனமும் இருக்கிறது. மெக்கானிக்கல் படித்துவிட்டு இத்துறைக்கு வருபவர்களும் நிறைய. அவர்கள் பின்தங்கியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. இயந்திரத்தைப் புரிந்துகொண்டவருக்கு நுண்ணமைப்பைக் கற்றுக்கொடுப்பது, அதன் மறுதலையைவிட எளிது. கையில் ஒரு சான்றிதழ் கூடுதலாக வேண்டுமென்றால் காந்தத் துகள், அல்ட்ராசானிக் இரண்டிலும் இரண்டாம் நிலைத் தகுதி எடுங்கள். இந்திய அழிவில்லாச் சோதனைச் சங்கத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. காது அடைப்பானை முதல் நாளிலிருந்தே போடுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது சட்ட வரம்பு, ஹாமர் பக்கத்தில் அது சர்வசாதாரணமாகத் தாண்டும்.

எந்த ஆலை? நேராகப் பெரிய நிறுவனத்துக்குப் போனால் ஆய்வகத்தின் ஒரு மேசையில் துகள் அளவு எண்ணிக்கொண்டு மூன்று ஆண்டு ஓடிவிடும் ஆபத்து உண்டு. டை ஷாப், ஹாமர், ஹீட் ட்ரீட்மென்ட், ஆய்வகம் நான்கும் ஒரே மதில் சுவருக்குள் இருக்கும் நடுத்தர ஆலையே முதல் வேலைக்கு நல்லது. ஹீட் ட்ரீட்மென்ட்டை வெளியே கொடுத்துச் செய்யும் ஆலையில் பாதித் தொழிலைக் கற்கவே முடியாது. நேர்காணலில் சம்பளத்துக்கு அடுத்தபடியாக ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே உலோகவியலாளர் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்? உற்பத்தித் தலைவருக்குக் கீழே என்று பதில் வந்தால், வேறு இடம் பாருங்கள்.